குளிருதுன்னு சொன்னேனுங்க

அந்த அக்காவிடம் மழை வருமா என்று கேட்டால் வரும் என்றும் சொல்ல மாட்டார், வராது என்றும் சொல்ல மாட்டார். தலையைத் தூக்கி மேலே ஒருதரம் பார்ப்பார். "மேகம் இருக்குதுங்க" என்பார்.

"மேகம் இருக்கிறது எனக்கும் தெரியுதுக்கா. மழை வருமா?"

"வந்தாச் சொல்றேனுங்க."

கண்ணுகளா, நீங்கள் ரெண்டு பேரும் பிறப்பதற்கு முன்னால் மாரமங்கலம் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்த அக்கா அவர். பெயர் எழுதப்போவதில்லை. எழுதினால் "எதுக்குங்க தம்பி?" என்று கேட்பார். இப்போது மகள் வீட்டோடு தருமபுரிப் பக்கம் போய்விட்டார். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன், ஜீப் ஓட்டுகிறவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அவர்மேல் பாதி, அந்த டாக்டர்மேல் பாதி, என்மேலும் கொஞ்சம்.

உள்ளதுக்கு மேலே ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. நம் ஊரில் எல்லாருமே கொஞ்சம் கூட்டித்தான் பேசுவோம். காய்ச்சல் என்றால் அனலாய்க் கொதிக்குது என்போம். பஸ் கால் மணி நேரம் பிந்தினால் காலையிலிருந்து நிற்கிறேன் என்போம். உங்கள் அம்மா என்னைப் பற்றிச் சொல்வதை எல்லாம் யோசித்துப் பாருங்கள். அந்த அக்காவுக்கு அது வராது. ஒருதரம் ஒரு பையனின் அம்மா பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று, "ஏனுங்க அக்கா, எம் பையன் நல்லாச் சாப்பிடறானுங்களா?" என்று ஆசையாய்க் கேட்டாள். வேறு யாராக இருந்தாலும் "ராஜா மாதிரி சாப்பிடறான்" என்றிருப்பார்கள். அக்கா, "ரெண்டு கரண்டி வாங்கறான், ஒரு கரண்டியக் கொட்டறானுங்க" என்றார். அந்த அம்மா அன்றைக்குப் பையனை அடித்தாளாம். பையன் மறுநாள் அக்காவிடம் பேசவில்லை. அக்கா அவனுக்கு ஒரு கரண்டி மட்டும் போட்டார். அவன் மிச்சம் வைக்காமல் தின்றான்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சோறாக்கப் போவார். திரும்பி வருகிறபோது என் ஜீப்பில் பத்துப் பேர் ஏறியிருப்பார்கள். ஒருத்தர், "லட்சம் சனம் இருக்கும்" என்பார். இன்னொருத்தர், "லட்சமா? மலையே தாங்கலைங்க" என்பார். "அக்கா, நீங்க சொல்லுங்க, எவ்வளவு கூட்டம்?"

"நான் முன்னூத்திப் பன்னெண்டு இலை போட்டேனுங்க. மத்தது எனக்குத் தெரியாது."

ஜீப்பே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் எண்ணிக்கையை மாற்ற மாட்டார்.

இப்படிப்பட்டவர்தான் ஒரு ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது முதல்முறையாக "குளிருதுங்க" என்று சொன்னார்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்படிப் போட்டுக்கொள்வோம்? நாம் இருப்பது மலையில். ஜூன் மாதம், காற்று, சாரல். எல்லாருக்கும்தான் குளிருகிறது. நானே, "எனக்குந்தாங்கக்கா" என்று சொல்லிவிட்டு கியரை மாற்றினேன். பஜாரில் ஒரு அரக்குக் கலர் ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டார். அடுப்படியில் போட்டுக்கொண்டே சமைத்தார். நாற்பது பிள்ளைகளுக்குச் சாம்பார் கொதிக்கிற விறகு அடுப்பு அது. பக்கத்தில் நின்றால் முகம் சுடும். அந்த அடுப்பை ஒட்டி முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "குளிருதுங்க" என்பார். அப்போதாவது எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

ஏப்ரல் வந்தது. மலையிலேயே வெயில் அடித்தது. ஸ்வெட்டர் கழலவில்லை.

முதல்முறை டவுனுக்கு நான்தான் அழைத்துப்போனேன். ஏற்காட்டில் ஒரு டாக்டரின் சின்ன கிளினிக். பலகைக் கதவு கிடையாது, துணித் திரைதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் உள்ளே பேசுவது அத்தனையும் கேட்கும்.

"என்னம்மா பண்ணுது?"

"குளிருதுங்க."

டாக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சாதாரணச் சிரிப்புத்தான். "ஏற்காட்டுல இருந்துக்கிட்டு குளிருதுன்னு எங்கிட்ட வந்தா? எனக்கும்தாம்மா குளிருது. நான் யாருகிட்டப் போறது?"

பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் அக்காவுக்குப் பிடிக்காது, அதனால் எழுதுகிறேன்.

சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா அதைத் தினமும் தவறாமல் விழுங்கினார். குளிர் போகவில்லை. அதோடு குரல் மாறியது. கரகரவென்று, ஆம்பளைக் குரல் மாதிரி. பிள்ளைகள் அவரைப் போலவே பேசிக் காட்டின. நடை மெதுவானது. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள ஏற்றத்தில் முன்பெல்லாம் நிற்காமல் ஏறுவார். இப்போது சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு தடவை, மேலே கல்லில் ஒரு தடவை என்று உட்கார்ந்தார். தலைமுடி சீப்போடு வந்தது. இதெல்லாம் அவராகச் சொல்லவில்லை. நாங்கள் கேட்கக் கேட்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னார்.

இரண்டாவது தடவை போகும்போது வழியெல்லாம் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

"அக்கா, இந்தத் தடவை குளிருதுன்னு ஆரம்பிக்காதீங்க. நெஞ்சு அடைக்குதுன்னு சொல்லுங்க. உடனே ரத்தம் எடு, அதை எடு, இதை எடுன்னு எல்லா டெஸ்டும் எழுதுவாங்க."

"அடைக்கலையேங்க தம்பி."

"சும்மா சொல்லுங்கக்கா! மயக்கம் போட்டு விழுந்தேன்னாச்சும் சொல்லுங்க."

"விழலைங்களே."

"ஐயோ! அப்படிச் சொன்னாத்தான் திரும்பியே பார்ப்பாங்க!"

அவர் பொறுமையாகச் சொன்னார்: "நெஞ்சு அடைக்குதுன்னா நெஞ்சுக்கு மருந்து குடுப்பாங்க. அப்புறம் குளிருக்கு யாருங்க குடுப்பாங்க?"

எனக்கு ஸ்டியரிங்கில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் சொன்னது நியாயம். அந்த நியாயம் அந்தத் திரைக்குப் பின்னால் செல்லாது என்றுதான் எனக்கு ஆத்திரம்.

உள்ளே போய், "குளிருதுங்க. அசதியா இருக்குதுங்க. கொரல் மாறிப்போச்சுங்க" என்றார். டாக்டர், "வயசு என்ன? நாப்பத்தி ரெண்டா? இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வர்றதுதாம்மா" என்றார். மறுபடியும் அதே மாத்திரை.

மூன்றாவது தடவை போனதுதான் மோசம். அதற்குள் அக்காவின் உடம்பு ஊதியிருந்தது. முகம் வீங்கி, கண்ணைச் சுற்றி உப்பி, வளையல் மணிக்கட்டில் இறுகிவிட்டது. சோறு பாதியாகக் குறைந்திருந்தது அவருக்கு. எடை மட்டும் ஏறியது. டாக்டர் அவரை எடை மெஷினில் நிறுத்தினார். பிறகு நான் கேட்டேன், என் காதால் கேட்டேன்:

"சத்துணவுலதானே வேலை? ருசி பாக்கறேன் ருசி பாக்கறேன்னு கொழந்தைங்க சோத்தைப் பாதி நீங்களே தின்னா இப்படித்தான் ஊதும். வாயைக் கட்டுங்க."

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

அக்கா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஜீப்பில் ஏறி, ஒண்டிக்கடைச் சந்திப்பு தாண்டும் வரைக்கும் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அப்புறம், "கொழந்தைங்க சோத்தைத் திங்கறேன்னு சொல்றாருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த எனக்குத்தான் கண் மறைத்தது.

பெஞ்சில் சிரித்தவர்களில் நம் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். அந்தப் பேச்சு அக்காவுக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒரு வாரத்தில் ஒரு பொடிப் பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு, "ஆயா எங்க முட்டையெல்லாம் தின்னு குண்டாயிட்டாங்க!" என்று கத்தியது. அக்கா திட்டவில்லை. முட்டைச் சட்டியை அதன் முன்னால் வைத்தார். "வா சாமி, நீயே எண்ணு. அப்புறம் எத்தனை பேரு உக்காந்திருக்காங்கன்னு எண்ணு." அந்தக் குழந்தை இரண்டையும் எண்ணியது. சரியாக இருந்தது. ஆனாலும் அடுத்த நாளிலிருந்து அக்கா வீட்டிலிருந்து தூக்குப்போசியில் களி கொண்டுவந்து, எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிற மாதிரி வராந்தாவில் உட்கார்ந்து அதை மட்டும் தின்றார். சாம்பாரில் உப்புப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஐந்தாவது படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொன்னார். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சோறாக்கியவர், தன் கைச் சாம்பாரைத் தன் நாக்கில் வைக்கப் பயந்தார்.

வேலையை விட்டுவிடுவாரோ என்று நினைத்தேன். வேலையைவிட, அவர் இனிமேல் எந்த டாக்டர் படியும் மிதிக்க மாட்டார் என்று நினைத்தேன். அப்படியே ஊதி, அப்படியே மெதுவாகி, ஒரு நாள் அந்த ஏற்றத்துக் கல்லில் உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலே போய்விடுவார் என்று உண்மையிலேயே பயந்தேன்.

மே மாதம் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். பலாப்பழம் ஏற்றுவதற்காக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து நின்றார்.

"தம்பி, சேலம் போகோணுமுங்க."

"நாளைக்கே போலாம்க்கா."

"நாளைக்கு வேண்டாமுங்க. நொம்ப வெயில் அடிக்கிற நாளாப் பாத்துச் சொல்லுங்க."

எனக்குப் புரியவில்லை. மே மாதம் சேலத்துக்கு யாராவது வெயிலைத் தேடிப் போவார்களா? முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"இங்க நான் குளிருதுன்னா மலை குளிருதுன்னு சொல்லிப்போடறாங்க. மலையில்லாத எடத்துல போய்ச் சொல்றேனுங்க."

மூன்று வருஷம் அவரைப் பொய் சொல்ல வைக்கப் பாடுபட்டவன் நான். இந்த யோசனை எனக்கு வரவில்லை பாருங்கள்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் கிளம்பினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக இறங்க இறங்க ஜீப்பில் இருந்தவர்கள் துண்டை எடுத்தார்கள், சட்டைப் பித்தானைக் கழற்றினார்கள். அடிவாரத்தில் அனல் முகத்தில் அறைந்தது. அக்கா ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில் தார் இளகிக் கிடந்தது. கரும்பு ஜூஸ் கடைக்காரர் அவரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஊட்டிக்குப் போற பஸ்ஸா?" என்று கேட்டார். "இல்லீங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றார் அக்கா. ஐஸ் வேண்டாம் என்று சொல்லி டம்ளரை வாங்கினார். நான் டம்ளரைத் திருப்பி வாங்கும்போது விரல் பட்டது. கிணற்றுத் தண்ணியில் ஊறின கல் மாதிரி இருந்தது கை. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

அப்போதுதான் நான் நம்பினேன். மூன்று வருஷமாக இந்த அக்காவை வண்டியில் ஏற்றி இறக்கியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், பரிதாபப்பட்டிருக்கிறேன். ஆனால் அவருக்குக் குளிருகிறது என்று அந்தக் கரும்பு ஜூஸ் கடையில்தான் நம்பினேன். உள்ளதை மட்டும் சொல்கிறவர் என்று ஊருக்கெல்லாம் அவர் கதையைச் சொல்லிச் சிரித்தவன் நான்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். வயசானவர். கூட்டம் நிறைய. அறையில் மின்விசிறி தடதடவென்று சுற்றியது, மேஜையில் இன்னொரு விசிறி. டாக்டர் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "சொல்லுங்க" என்றார்.

அக்கா, "ஃபேனை நிறுத்தலாமுங்களா?" என்று கேட்டார்.

எழுதின கை நின்றது. டாக்டர் தலையைத் தூக்கினார். ஸ்வெட்டரைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். எழுந்து போய் அவரே ஸ்விட்சைத் தட்டினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருசம் பதினோரு மாசமுங்க."

கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எச்சிலை விழுங்கச் சொன்னார். கணுக்காலுக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். அக்கா கேட்டதுக்கெல்லாம் கேட்ட அளவுக்குப் பதில் சொன்னார். அந்த டாக்டருக்கு அது போதுமாக இருந்தது. ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு என்று ஒன்று தொண்டைக்கு முன்னால் இருக்கிறது கண்ணுகளா, நம் எல்லாருக்கும் இருக்கிறது. அது குறைவாக வேலை செய்தால் உடம்புக்குள் அடுப்பு தணிந்துபோகிற மாதிரி. சூடு இருக்காது, சுறுசுறுப்பு இருக்காது, கொஞ்சமாய்த் தின்றாலும் உடம்பு ஊதும். தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. இவ்வளவுதான் விஷயம். ஒரு ரத்தப் பரிசோதனை.

அக்கா பழைய சீட்டுகள் மூன்றையும் கொண்டு வந்திருந்தார். டாக்டர் அவற்றைப் புரட்டினார். "மூணு தடவை போயிருக்கீங்க. மூணுலயும் உடம்பு வலின்னுதானே இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. குளிருதுன்னு நீங்க அங்க சொல்லலையா?"

அக்கா சீட்டை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே பார்த்தார். "நான் ஒடம்பு வலின்னு சொல்லவே இல்லீங்களே" என்றார். திரும்பி மலை ஏறுகிற வழியிலும் இரண்டு தடவை அதையே சொன்னார். வலி இல்லாத ஒருத்தருக்கு வலி என்று எழுதியிருப்பது, சோற்றைத் தின்றாய் என்று சொன்னதைவிட அவரை அதிகமாய்ச் சுட்டது.

மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்தது. ஆகஸ்டில் ஸ்வெட்டர் கழன்றது. வெளியே நல்ல சாரல். பிள்ளைகள்தான் முதலில் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். தீபாவளிக்குள் குரல் பழையபடி ஆனது. அதன்பிறகு ஒரு நாள், "டவுனு டாக்டரைப் பாக்கோணுமுங்க" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். "நாலு கேள்வி நறுக்குனு கேளுங்கக்கா. நானும் உள்ள வர்றேன்."

"எனக்கு ஒண்ணுதானுங்க கேக்கணும்."

உள்ளே போனோம். அக்கா நீட்டிய சேலத்து டெஸ்ட் பேப்பரையும் பழைய சீட்டுகளையும் டாக்டர் பார்த்தார். "ஓ, தைராய்டா. சரி சரி. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லம்மா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "சொன்னேனுங்க. மூணு தடவை. குளிருதுன்னு சொன்னேனுங்க."

"எங்க சொன்னீங்க? சொல்லியிருந்தா இதுல எழுதியிருப்பேனே." தான் எழுதின சீட்டையே எடுத்துக் காட்டினார் அந்த மனுஷர்.

"அதைத்தானுங்க கேக்க வந்தேன். நான் சொன்னதை இதுல எழுதிக் குடுங்க."

"இப்ப எதுக்கும்மா அது? சரியாயிடுச்சில்ல? போங்க, கூட்டம் நிக்குது." வெளியே பார்த்து, "அடுத்து யாரு?" என்று குரல் கொடுத்தார்.

அக்கா என் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார். மேஜை ஓரத்தில் மூன்று சீட்டையும் வரிசையாக வைத்தார். நின்றுகொண்டே, ஒவ்வொன்றின் அடியிலும், நோட்டில் கோடு போட்டு எழுதுகிற பிள்ளை மாதிரி கோணல் இல்லாமல், 'குளிருதுன்னு சொன்னேன்' என்று தமிழில் எழுதினார். மூன்று தடவை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சீட்டுகளை அவர் பக்கமாய்த் தள்ளி வைத்துவிட்டு அக்கா வெளியே வந்தார்.

எங்களைத் தாண்டிக்கொண்டு எஸ்டேட்டில் கூலி வேலை செய்கிற ஒரு பெண் உள்ளே போனாள். கம்பளியைப் போர்த்தியிருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் டாக்டரின் குரல் கேட்டது.

"என்னம்மா, உடம்பு வலியா?"

"ஆமாங்க" என்றாள் அவள். என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்கிற சன்னக் குரல்.

"வண்டியை எடுக்கட்டுமாக்கா?" என்றேன்.

அக்கா மாட்டின செருப்பைக் கழற்றினார். திரையை விலக்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனார்.